போளூருக்குக் காது இல்லையா?

"ஜாஸா? அதுக்குச் சென்னையிலேயே ஆள் கிடையாது சார். போளூர்ல யார் உக்காந்து கேப்பா?"

கலை ஆர்வலர்கள் கூடும் இடங்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் குறைவு. சொல்கிறவரின் சௌகரியத்தைப் பொறுத்துப் போளூர் செங்கம் ஆகும், செய்யாறு ஆகும், ஆரணி ஆகும். கருத்து மட்டும் மாறாது. நல்ல இசைக்கு நகரம் வேண்டும், நகரத்திலும் படித்தவர் வேண்டும், படித்தவரிலும் பழகிய காது வேண்டும். மற்றவர்களுக்குத் திருவிழாவுக்குத் திருவிழா ஆர்கெஸ்ட்ரா போதும். ஊர்க்காரர்களே பணம் போட்டு, நாற்காலி போட்டு, அறுபது எழுபது பேர் உட்காரும் ஒரு கூடத்தில் வாத்திய இசையை நடத்துவது என்பதெல்லாம் வெளிநாட்டுக் கதை.

இந்தக் கருத்தின் வலுவான பக்கத்தை மறைத்துவிட்டு எதிர்வாதம் செய்வதில் அர்த்தமில்லை. ஜாஸ் கேட்பது எளிதல்ல என்பது உண்மைதான். தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் ஆளுக்கொரு சுற்று அதைப் பிரித்துப் போடுவார்கள். பாட வரிகள் பெரும்பாலும் இருக்காது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புதியவருக்குப் பிடிபடாது. சினிமா முகம் எதுவும் மேடையில் இல்லை. இதற்குப் போளூரில் டிக்கெட் விற்றால் யார் வாங்குவார் என்று கேட்பவரைச் சட்டென்று முட்டாள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் அவர் சொல்வது தப்பு. ஜாஸ் போளூருக்கு வந்தே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை; வராமலே போகலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது. வராததற்குக் காரணம் ஊர்க்காரன் காது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது. காரணங்கள் வேறு. அவை இரவு, கூடம், வாசல் என்ற மூன்றில் இருக்கின்றன. காதில் இல்லை.

ஜாஸ் பணக்காரர் இசை என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? ஹோட்டல் வழியாக வந்தது. 1935-ஆம் ஆண்டின் கடைசியில் லியோன் ஆபி என்ற வயலின்காரர் தன் கறுப்பினக் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்து வாசித்தார். அவருக்குப் பின்னால் கிரிக்கெட் ஸ்மித் வந்தார், டெடி வெதர்ஃபோர்ட் வந்தார். வெதர்ஃபோர்ட் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் பியானோ வாசித்து, 1945-இல் அந்த நகரிலேயே காலராவில் இறந்துபோனார். அடுத்த கட்டத்தில் ஜாஸை அமெரிக்க அரசு தன் செலவில் அனுப்பிவைத்தது: 1958-இல் டேவ் புரூபெக் மதராஸ் உட்படப் பல ஊர்களில் வாசித்தார், 1963-இல் டியூக் எலிங்டன் தன் முழுக் குழுவோடு வந்தார். 1978-இல் பம்பாயில் ஜாஸ் யாத்ரா விழா தொடங்கியது. ஆக, இந்தியாவில் இந்த இசையைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் அதை முதலில் பார்த்தது தொங்கு விளக்குகளின் கீழே, அல்லது தூதரக அழைப்பிதழோடு. விளக்கின் விலையை இசையின் விலை என்று எண்ணிவிட்டார்கள்.

அது பிறந்த இடத்தில் விளக்கு எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பினத் தொழிலாளிகளுக்கு வெள்ளையர் நடத்திய காப்பீடு கிடைக்காது. செத்தால் கௌரவமான அடக்கத்துக்கும் உத்தரவாதம் இல்லை. எனவே தங்களுக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொண்டார்கள். மாதச் சந்தா சொற்பம். உடம்பு சரியில்லை என்றால் சங்கம் மருத்துவரை அனுப்பும். இறந்தால் பேண்டு வாத்தியத்தோடு அடக்கம் செய்யும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான ஜெபப் பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் இசை. தெருவில் நிற்பவர்களும் பின்னால் சேர்ந்துகொண்டு ஆடிக்கொண்டே வருவார்கள். சங்கங்களுக்குச் சொந்தமாகக் கூடங்கள் இருந்தன. ஜாஸின் ஆதி நாயகர்களில் ஒருவரான பட்டி போல்டன் வாசித்த கூடங்களில் ஒன்று யூனியன் சன்ஸ் என்ற சங்கத்துடையது. சனிக்கிழமை இரவு அங்கே நடனம். ஞாயிறு காலை அதே தரையில் பிரார்த்தனை. மேட்டுக்குடி ரசனை என்று நாம் மரியாதையோடு தள்ளி வைத்திருக்கும் இசை சந்தாவிலும் சாவு ஊர்வலத்திலும் வளர்ந்தது.

இதில் எங்கள் பக்கத்து மனிதருக்குப் புதிதாக என்ன இருக்கிறது? வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் ஒரு வாரம் நின்றால் போதும், சாவு ஊர்வலம் ஒன்று வாத்தியத்தோடு கடந்துபோகும். பறை இருக்கும், வசதியைப் பொறுத்துப் பேண்டு செட்டும் இருக்கும். பேண்டு செட்டில் கிளாரினெட், டிரம்பெட், சில சமயம் சாக்ஸபோன், பெரிய டிரம், சின்ன டிரம். வாசிப்பது பழைய சினிமாப் பாட்டுதான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை ஒரு பாட்டை எத்தனை நேரம் அப்படியே வாசிக்க முடியும்? சரணம் முடிந்த இடத்தில் டிரம்பெட்காரர் ஒரு வளைவு வைப்பார், கிளாரினெட் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும், டிரம் அடிப்பவர் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பார். நடந்துகொண்டே, வெயிலில், புகழ்ச்சி எதுவும் எதிர்பார்க்காமல் நடக்கும் வேலை இது. இதைச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித்துகள். நம் கலைப் பட்டியல்களில் இது எந்தத் தலைப்பின் கீழும் வருவதில்லை என்பதற்கு அது ஒரு காரணம். இதைப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

வாத்தியம் அந்நியம் என்ற வாதம் முகூர்த்த மண்டபத்தில் பத்து நிமிடம்கூட நிற்காது. கிளாரினெட் சதிர்க் கச்சேரிகளில் பாட்டுக்குத் துணையாகப் புழங்கிய வாத்தியம், ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக மேடைக்கு நடுவில் உட்காரவைத்து, 2022-இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். நாதஸ்வரக்காரர் மகனான கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கி, அதில் கமகம் வரவழைக்கப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். 1980-இல் அதே பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அவர் வாசித்தார். 1994-இல் அவர் வாசித்த 'டூயட்' படம் வந்த பிறகு தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் சாக்ஸபோன் கேட்காத ஊர் இல்லை. நாதஸ்வரக்காரர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம். அது வேறு வழக்கு.

ஜாஸ் நம் மண்ணில் ஹோட்டலில் மட்டுமே இருந்தது என்பதும் சரியல்ல. ஜவ்வாது மலையின் கிழக்கே போளூர் என்றால், மேற்கே ஜோலார்பேட்டை. ரயில்வே ஊர். அரக்கோணம், பெரம்பூர் போல அங்கேயும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தன. ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்ற கூடம்தான் அவர்களுக்கு மாலைப்பொழுது. டிரைவர், கார்டு, ஃபிட்டர், அவர்கள் மனைவி மக்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அங்கே ஆடினார்கள், குழு ஒன்று நேரில் வாசித்தது. வாசித்ததெல்லாம் சுத்தமான ஜாஸ் என்று சத்தியம் செய்யமாட்டேன். வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் கலந்த நடன இசை அது. ஆனால் உறுப்பினர் சந்தாவில், உறுப்பினர்களே நாற்காலி நகர்த்தி நடத்திய கூடம் அது. தாஜ்மஹால் ஹோட்டலைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி வயதானவர்களின் ஞாபகம்தான் இருக்கிறது. எழுதப்பட்டதை வைத்து மட்டும் வரலாறு சொன்னால் ஃபிட்டர் காணாமல் போவார், மகாராஜா மட்டும் மிஞ்சுவார்.

சரி, காதுக்கு வருவோம். வாதத்தின் மையம் அதுதான்.

ஜாஸ் கேட்பவரிடம் அந்த இசை எதிர்பார்ப்பது என்ன? மெட்டை முன்னமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது இன்று எப்படி மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஒருவர் தனியே கிளம்பிப் போகும்போது மற்றவர்கள் கீழே எதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நல்ல இடம் வந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேரத்தைப் பார்க்கக் கூடாது. இந்த எல்லாப் பயிற்சியும் உள்ள ஒரு கூட்டத்தைத் தமிழ்நாட்டில் தேடச் சொன்னால் நான் சென்னை சபாக்களுக்குப் போகமாட்டேன். பங்குனி தொடங்கி ஆடி வரை, பாரதம் நடக்கும் திரௌபதி அம்மன் கோயில் திடல்களுக்குப் போவேன்.

போளூர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டம் கூத்து பூமி. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் புரிசை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் கதையைக்கூடக் கூத்தாக்கி ஆடிய ஊர் அது. அந்நியம் அந்நியம் என்று பயப்படுபவர்கள் முதலில் புரிசைக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் பயப்படலாம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் விழா போகும். இரவு ஒன்பது பத்து மணிக்குக் களரி கட்டுவார்கள். மத்தளம், டோலக், ஹார்மோனியம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து ஆள் வருவதற்கு முன் ஓசையால் இடத்தைப் பிடிக்கும் வேலை அது. பிறகு கட்டியக்காரன். பிறகு திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் வேடதாரி விருத்தம் பாடுவார். தாளம் கிடையாது, ராகத்தை அவர் இழுத்த இழுப்புக்கு முகவீணை பின்னாலேயே போக வேண்டும். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் முகவீணைக்காரர் அதே வரியைத் தன் பாணியில் சொல்லிக்காட்டுவார். அதைக் கேட்டுவிட்டு வேடதாரி அடுத்த வரியை மாற்றிப் பாடுவதும் உண்டு. ஒருவர் சொல்ல, அதற்கு மற்றவர் பதில் சொல்ல, அந்தப் பதிலால் முதலாமவர் திசை மாறுவது. நியூயார்க் நிலவறைக் கூடங்களில் பியானோவும் பாஸும் டிரம்மும் செய்துகொண்டதும் இதே வேலைதான்.

கதை எல்லாருக்கும் தெரியும். கர்ணன் சாவான் என்று தெரியாமல் யாரும் கர்ண மோட்சம் பார்க்க உட்காருவதில்லை. இந்த ஆள் இன்று அவனை எப்படிச் சாக விடுகிறார் என்று பார்க்கத்தான் உட்காருகிறார்கள். "போன வருசம் வந்த ஜமாவுல இந்த எடத்துல அழவச்சான்யா, இவன் வெட்டிட்டுப் பூட்டான்" என்று கூத்துக் குழுக்களை ஒப்பிட்டு மணலில் படுத்தபடி ஒருவர் சொல்வதும், பக்கத்தில் இருப்பவர் இல்லை என்று மறுப்பதும் சாதாரணம். இசை விமரிசனம் என்று நாம் அழைப்பது இதுதான். பத்திரிகையில் அச்சாவதில்லை என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. கூட்டம் உறங்குகிறதா, விழித்திருக்கிறதா, மழை வருமா, விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துப் பாட்டைக் கூட்டிக் குறைத்து, கோமாளிப் பேச்சை நீட்டிச் சுருக்கி, சூரியன் வரும் நேரத்துக்குக் கதையைச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பார் ஜமாவின் வாத்தியார். கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இந்தக் கூத்தைப் பற்றி ஹன்னே டி புரூயின் 1999-இல் வெளியிட்ட ஆய்வு நூல் பேசுவது முக்கியமாக இந்த நெகிழ்வைத்தான். அச்சில் இருக்கும் கூத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பின்தொடரப் பார்த்தால் பத்தாவது நிமிடம் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கூத்தில் சொல் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது. ஜாஸில் பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கும் ஒத்திசைவு இருக்கிறது, கூத்தில் அது கிடையாது. ஒரு எதிர்வாதி இங்கே நிமிர்ந்து உட்காருவார்: பார்த்தீர்களா, அந்த ஒத்திசைவின் கார்டு (chord) என்றால் என்னவென்று உங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? பெயர் தெரியாமல் இருக்கலாம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அன்றிலிருந்து டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் இளையராஜாவின் பாஸ் கிதாரும் அடுக்கு வயலின்களும் நாள் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய ஐம்பது வருடப் பாடம். இலவசமாக, விடுமுறை இல்லாமல்.

இந்த நிலத்தின் காதைப் பற்றி இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால், போளூருக்குத் தென்மேற்கே நிற்கும் பர்வதமலையைப் பார்த்துக்கொள்ளலாம். பத்துப்பாட்டின் மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பது அறிஞர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட கருத்து. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்ற கூத்தர், எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு அது. எடுத்தவுடன் கூத்தர் மூட்டை கட்டிச் சுமந்துவரும் வாத்தியங்களின் வரிசை. பிறகு மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லும் ஒரு நீண்ட பகுதி: அருவி, விலங்கு, வேட்டை, உழைக்கிறவர்களின் பாட்டு. ஊர் ஊராகப் போய் வாசித்த கலைஞர்களுக்காக, அவர்கள் வாயாலேயே சொல்லப்பட்ட பாட்டு. இந்தப் பக்கத்துக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்பவர் இதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இன்றைக்குத் திருவிழாவுக்கு ஏன் ஆர்கெஸ்ட்ராவையும் ஆடல் பாடலையும் அழைக்கிறார்கள்? கேள்வி நியாயமானது. ஆட்கள் ரசனை கெட்டுப்போனார்கள் என்பதுதான் வழக்கமான பதில். நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2010-இல் வந்த திருத்தம் வாத்தியங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. மாநில அரசு நினைத்தால் வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் விழாக் காலங்களில் நள்ளிரவு 12 வரை விலக்குத் தரலாம். அதற்கு மேல் கிடையாது. காது கிழிக்கும் பெட்டிகளுக்கு எதிராக இப்படியொரு விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கருவியின் சத்தத்தையும் கலையின் நேரத்தையும் ஒரே கத்தியால் வெட்டும் விதி இது. பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் ஒரு கலை சட்டத்தின் பார்வையில் தொடக்கம் முதல் முடிவு வரை குற்ற நேரத்திலேயே நடக்கிறது. நடுச்சாமத்தில் முகவீணை ஊதுவதுகூட எழுத்துப்படி பார்த்தால் தப்பு. காவல் நிலையத்தின் மனசைப் பொறுத்துக் கூத்து நடக்கிறது. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் மூட்டை கட்டிவிடும் ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்தத் தலைவலி குறைவு. விழாக் கமிட்டிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இதில் ரசனை எங்கே வந்தது?

நியூயார்க்கும் இந்த விஷயத்தில் சுத்தமில்லை. 1926-இல் அங்கே ஒரு கேளிக்கை விடுதிச் சட்டம் வந்தது. 2017-இல்தான் அதை நீக்கினார்கள். இடையில் ஒரு காலகட்டத்தில் விடுதிகளில் வாசிக்கக் கலைஞர் ஒவ்வொருவரும் போலீஸ் தரும் அட்டை வைத்திருக்க வேண்டும். 1951-இல் ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் அந்த அட்டையை இழந்தார். ஏறத்தாழ ஆறு வருடம் தன் சொந்த ஊரின் விடுதிகளில் அவரால் வாசிக்க முடியவில்லை. நம் ஊரில் 1954-இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டச் சொன்னது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. விடியும் நேரம் பார்த்து வசனத்தை நீட்டிச் சுருக்கும் கட்டியக்காரனிடம் பிரதி கேட்கும் சட்டம் கிட்டத்தட்ட அறுபது வருடம் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

இனி கூடம். மேற்சொன்ன ஒலி மாசு விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: மூடிய அரங்குக்குள், சமுதாயக் கூடத்துக்குள், உள்ளே கேட்கும் அளவில் நடப்பதற்குத் தடையில்லை. போளூர் போன்ற ஊரில் மூடிய கூடத்துக்குப் பஞ்சமா? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆயிரம் பேர் மண்டபம்கூட வேண்டாம், அதை ஒட்டிய சாப்பாட்டுக் கூடம் போதும். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு 1935-இல் தொடங்கிய நிலவறை. அதில் 123 பேர்தான் கொள்ளும். 1961 ஜூனில் பில் எவன்ஸும் நவம்பரில் ஜான் கோல்ட்ரேனும் அங்கே வாசித்ததைப் பதிவு செய்தார்கள். கோல்ட்ரேன் வாசித்தவற்றில் 'இந்தியா' என்றே ஒன்று உண்டு. எவன்ஸ் பதிவில் கண்ணாடிக் குவளைச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். ஜாஸ் உலகம் இன்றுவரை கொண்டாடும் பதிவுகள் இவை. அதே 1961-இல் நியூ ஆர்லியன்ஸில் பிரிசர்வேஷன் ஹால் திறந்தது: சின்ன அறை, மைக் கிடையாது, மது கிடையாது. வயதான வாத்தியக்காரர்கள், எதிரே கால் நீட்டினால் இடிக்கும் தூரத்தில் கேட்பவர்கள். பெரிய மேடை, பெரிய பெட்டி, பெரிய பெயர் இல்லாமல் நடத்த முடியாது என்று நம் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எந்த ஜாஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

பணம் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவுக்கு அச்சாரம் கொடுத்து, நாள் கணக்கில் பாரதம் நடத்தும் ஊர்களுக்கு மாதம் ஒரு மாலை இசைக்குக் காசு திரட்டத் தெரியாது என்று சொல்வது வேடிக்கை. இந்த வேலையில் பயிற்சி இல்லாதவை நிறுவன விளம்பரம் இல்லாமல் பந்தல்கூடப் போடாத நகரத்து விழாக்கள்தான்.

மிச்சம் இருப்பது வாசல். இங்கேதான் என் பக்கத்து வாதம் நொண்டுகிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஊர் சேர்ந்து நடத்துவது என்று இவ்வளவு நேரம் பேசினேன். எந்த ஊர்? 2023 ஜனவரியில் இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. அந்த வருடம் ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள், தலித்துகளை உள்ளே விட மறுத்ததால் எழுந்த தகராறில். பாரதம் நடக்கும் அதே அம்மனின் கோயில். தலைக்கட்டு வரி வாங்கும் பட்டியலில் யார் பெயர் இல்லையோ அவர்தான் பல ஊர்களில் சாவுக்கு வாசிக்கிறார். கூத்துத் திடலின் ஓரத்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதும் சில இடங்களில் இன்றும் எழுதாத சட்டம். நியூ ஆர்லியன்ஸ் சங்கங்கள் வெளியே தள்ளப்பட்டவர்கள் கட்டியவை. நம் ஊர்க் கமிட்டிகளில் பல, வெளியே தள்ளுகிறவர்கள் நடத்துபவை. இந்த வேறுபாட்டைப் பேசாமல் "மக்களே நடத்தும் அரங்கம்" என்று புளகாங்கிதப்படுவது மோசடி.

நகரத்து நண்பர் இங்கே வெற்றிச் சிரிப்புச் சிரிக்க அவசரப்பட வேண்டாம். இது போளூரின் காதில் உள்ள கோளாறு அல்ல, சாதியின் கோளாறு. அது சபாக்களின் முன்வரிசையிலும் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. 2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து விழா தொடங்கியபோது, கர்நாடக இசை கேட்க மீனவர்கள் வருவார்களா என்றுதான் பலர் கேட்டார்கள். வந்தார்கள். சபாக்காரர்கள் குப்பத்துக்கு வருவார்களா என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

போளூரில் யாராவது பூட்டிக் கிடக்கும் மண்டபம் ஒன்றை மார்கழி மாதத்தில் ஒரு மாலைக்குக் கேட்டு வாங்கி, அறுபது நாற்காலி போட்டு இதைத் தொடங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாலைக்கு யாரைக் கூப்பிடுவது? பெங்களூரிலிருந்து குழு வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் அவர்களோடு சேர்ந்து வாசிக்க, வருடம் முழுக்க இந்த ஊர்த் தெருக்களில் நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டு செட் கிளாரினெட்காரரையும், வேலை இல்லாத மாதத்தில் இருக்கும் ஒரு முகவீணைக்காரரையும் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் வரும் அதே வாசல் வழியாக, மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலியில். பெங்களூர்க் குழுவுக்கு என்ன சம்பளமோ அதையே இவர்களுக்கும் முன்கூட்டிப் பேசி, அச்சாரமும் கொடுத்துவிட வேண்டும். மேடை கொடுத்ததே பெரிய விஷயம் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் சென்னையோடு நிற்கட்டும்.